டெய்லரம்மாவின் மன்றாட்டு

டெய்லருக்குப் பேச்சு போனபோது அவர் கையில் இன்ச் டேப் இருந்தது. அளவு கொடுக்க எதிரே நின்றவர் எங்கள் பங்குச் சாமியார். பழைய அங்கியின் கழுத்து நைந்துபோனதால் புதிதாக ஒன்று தைக்க வேண்டியிருந்தது. டெய்லர் வழக்கம்போல அளவைச் சத்தமாகச் சொல்ல, மேசை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லரம்மா ஊசியை நிறுத்தி, அதைத் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

"தோள் பதினெட்டு."

"பதினெட்டு."

"கை இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு."

டேப்பைச் சாமியாரின் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, விரலால் பிடித்துக்கொண்டு, "கதவு" என்றார்.

"கதவா? சாத்தித்தானே இருக்கு" என்றாள் அவள்.

"கதவு" என்றார் மறுபடியும். இவ்வளவு எளிதானது இவளுக்கு ஏன் புரியவில்லை என்கிற எரிச்சல் குரலில் இருந்தது. மூன்றாவது முறை வாய் மட்டும் அசைந்தது. டேப் நழுவித் தரையில் விழ, அவரும் சரிந்தார். சாமியார் அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். எதிர்த்த மருந்துக்கடைக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் கோயிலில் அவருக்கு மைக் என்றுதான் பேர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து படிக்கிற முதல் வாசகம் அவருடையது. கரண்ட் போனாலும் வாசகம் நிற்காது. பீடத்தருகே அவர் வாயைத் திறந்தால், வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று கதையடிக்கிற ஆண்கள் வரைக்கும் கேட்கும். அழுகிற குழந்தை வாயை மூடிக்கொள்ளும், தூங்குகிற பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சனிக்கிழமை சாயந்திரம் கடைக்குப் போனால், இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே மறுநாள் வாசகத்தை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பட்டன் தைத்தாயிற்றா என்று கேட்டால் பதில் வராது.

வீட்டில் அவர் பேச்சில் சிக்கனக்காரர். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. பிள்ளைகள் இல்லை. இருவரும் மட்டும் இருக்கிற இடத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். டெய்லரம்மா அப்படியில்லை. நூல் கோக்கும்போதுகூட ஊசியிடம் பேசுவாள். "எல்லாத்தையும் கோயில்லயே படிச்சுத் தீர்த்துட்டு வந்துடறாரு. வீட்டுக்கு மிச்சம் மீதி ஒண்ணும் வர்றதில்ல" என்று கோயில் சுத்தம் செய்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வாரம் ஒரு நாள் ஐந்தாறு பெண்கள் கூடிக் கோயிலைக் கூட்டித் துடைப்பார்கள். மெழுகுவர்த்தித் தண்டுகளில் வழிந்து உறைந்த மெழுகை மொட்டைக் கத்தியால் சுரண்டுவது டெய்லரம்மா வேலை. பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து விரிப்பதும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "நாம சொல்றது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கறதும் உள்ள இருக்கும். வெளிய வர்ற வழிதான் அடைபட்டிருக்கு. வலது கை, கால் கொஞ்சம் கொஞ்சமா தேறும். பேச்சைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கடைக்குள் ஈரத்துணி நாற்றம். அவரைக் கடையிலேயே ஜன்னலோரம், கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பின்னறையில் படுக்கவைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். இங்கே இருந்தால் தெருவாவது தெரியும்.

பாட்டு டீச்சர், அதாவது பாடகர் குழுவை நடத்துகிறவர், யாரையும் கேட்காமல் வீட்டுக்கு வீடு முறை போட்டுவிட்டார். இன்று இந்த வீட்டிலிருந்து சாப்பாடு, நாளை அந்த வீட்டிலிருந்து. ரொட்டி, சூப், அவித்த முட்டை என்று வந்துகொண்டே இருந்தது. பாத்திரங்கள் ஜன்னலோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. எது யாருடைய மூடி, எது யாருடைய தூக்கு என்று டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. ஒருமுறை ஒரு வீட்டுப் பாத்திரத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட, அந்த இரண்டு பெண்களும் பழைய மனத்தாங்கல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு டெய்லர் கடையிலேயே வைத்துச் சமாதானமானார்கள். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தாள். முன்பென்றால் அவர் மீசைக்குள் சிரித்திருப்பார். இப்போது வாயின் ஒரு பக்கம் மட்டும் லேசாக ஏறியது.

அவர் வாயில் வந்த ஒரே வார்த்தை அந்தக் "கதவு"தான். தண்ணீர் வேண்டுமானாலும் கதவு, கால் மரத்துப்போனாலும் கதவு. முதலில் அவள் ஓடி ஓடிக் கதவைத் திறந்தாள், சாத்தினாள். பிறகு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். தப்பாகக் கண்டுபிடித்தால் இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். நாள் போகப்போக அந்த வார்த்தையும் நின்றது.

வேலை நிற்கவில்லை. கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்க வந்தவர்கள் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லம்மா, மெதுவா ஆகட்டும்" என்று சொல்லிப் போனார்கள். எவ்வளவு நாள் மெதுவாக ஆகும்? மெஷின் ஓட்டுவாள், காஜா, பட்டன், ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங் எல்லாம் அவள் கை. துணியை வெட்டுவது மட்டும் இத்தனை வருஷமும் அவருடையது. பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தாள். அது அவர் கட்டைவிரலுக்குப் பழகியது. முதல் துணியாகப் பழைய படுக்கை விரிப்பை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டிப் பார்த்தாள். கோணல். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன். கண்றாவியா இருக்குன்னாவது சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கால் கொஞ்சம் ஊன்ற முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கோயில்பிள்ளை, அந்தக் காலத்திலிருந்து மணியடித்து, திரி ஏற்றி, கதவு பூட்டுகிறவர், வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். நடு வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முதல் வாசகத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் படித்தார். மைக் இருந்தும் பாதி கேட்கவில்லை. டெய்லர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். டெய்லரம்மா அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே கூட்டிவந்தது கொடுமையோ என்று அவளுக்குத் தோன்றியது.

வாசகம் முடிந்து, பிரசங்கம் முடிந்து, மன்றாட்டு ஆரம்பித்தது. பாட்டு டீச்சர் முதல் மன்றாட்டை வாசித்து நிறுத்தினார். எல்லோரும் முனகலாகப் பதில் சொல்கிற அந்த நேரத்தில், தூணுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பழைய குரல் எழுந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஒரு எழுத்து பிசகவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாட்டு டீச்சர் அடுத்த மன்றாட்டைத் தடுமாறி வாசித்தார். மறுபடியும் அந்தக் குரல். முன்வரிசையில் வயதான பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு கர்த்தர் கற்பித்த செபத்தை அவர் முதலிலிருந்து கடைசி வரை தங்குதடையில்லாமல் சொன்னபோது, அவரோடு சேர்ந்து சொல்ல ஆளில்லை. எல்லோரும் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "புதுமை, ஆண்டவர் செஞ்ச அற்புதம்" என்று யாரோ சொன்னார்கள். அது வாய்க்கு வாய் பரவி வாசலை எட்டுவதற்குள் பெரிய புதுமை ஆகிவிட்டது. டெய்லரம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மழைத்தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றிச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனாள். கடைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார்.

"எதுவா இருந்தாலும் சரி. டீ வேணும்னு சொல்லுங்க."

உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "த்... த்..." என்று ஏதோ முட்டி மோதித் திரும்பிப் போனது. அவர் தொடையில் அடித்துக்கொண்டார்.

அவள் எழுந்துபோய் டீ போட்டாள். அடுப்பு முன்னால் நின்றபோதுதான் கோபம் வந்தது. டம்ளரைக் கொண்டுவந்து அவர் இடது கையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "அங்க மட்டும் மணி மணியா வருது. ஆண்டவர்கிட்ட பேசத் தெரியுது. துவைச்சுப் போட்டு, தூக்கி உட்காரவெச்சு, வாய்ல ஊட்டறவகிட்ட ஒரு வார்த்தை வரல. இப்பவும் மிச்சம் மீதி இல்ல, அப்படித்தானே?"

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் நடந்ததைச் சொன்னாள். சின்னப் பெண். கோப்பை, சாவி, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பி வைத்திருந்தாள்.

"நிறைய பேருக்கு இப்படி நடக்கும்மா" என்றாள் அவள். "பல வருஷமா மனப்பாடமா வர்றது, பாட்டு, செபம், எண்ணிக்கை, இதெல்லாம் மூளையில வேற அறையில இருக்குன்னு வெச்சுக்கோங்க. யோசிச்சுப் பேசறது இன்னொரு அறை. அந்த அறைக்குத்தான் இப்ப போக முடியல. அவர் வேணும்னு பண்ணல."

"அப்ப நான் எந்த அறையில இருக்கேன்?"

அந்தப் பெண் அட்டைகளை அடுக்கினாள்.

புதுமை என்கிற பேச்சு அதற்குள் எங்கள் பங்கைத் தாண்டி அடுத்த கோயில்கள் வரை போயிருந்தது. முதலில் ஒருவர் இருவராக வந்தார்கள். ஒருவர் மகளின் கல்யாணத்துக்காக, இன்னொருவர் முழங்கால் வலிக்காக. டெய்லர் முன்னால் மண்டியிட்டு, அவர் இடது கையை எடுத்துத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஒரு அம்மாள் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து தொட்டுத் தரச் சொன்னாள். துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். "ஏம்மா, மெழுகு ஒழுகுது, மேசையில துணி இருக்கு" என்று டெய்லரம்மா சத்தம் போட்டால், "புண்ணியவதி, உங்களுக்கு என்ன குறை" என்று கும்பிட்டார்கள்.

ஒருநாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயது. இன்னும் அம்மா என்று சொன்னதில்லை. போகாத டாக்டர் இல்லை. அவள் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, உங்களுக்குக் கொடுத்த மாதிரி இவளுக்கும் கொடுக்கச் சொல்லுங்கண்ணே."

குழந்தை டெய்லரின் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. டெய்லர் அதைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது. இடது கையை முஷ்டியாக்கித் தன் நெஞ்சில் தட்டினார்.

"என் பாவமே. என் பாவமே."

"பாத்தியா, எவ்வளவு தாழ்ச்சி" என்று பெஞ்சில் இருந்த ஒருத்தி சொன்னாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி அவர் காலில் விழப்போனாள்.

டெய்லரம்மாவுக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. மெஷினை நிறுத்தினாள். பூசையில் எல்லோரோடும் சேர்ந்து சொல்கிற வார்த்தைதான். ஆனால் இப்போது கூட யாரும் சொல்லவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னால் முடியாது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, இந்தக் குழந்தையை ஏமாற்றாதீர்கள் என்று சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்ததை எடுத்து வீசியிருக்கிறார்.

அவள் எழுந்து குழந்தையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுத்தாள். "அவரால முடியாதும்மா. முடியும்னா எனக்கு மொதல்ல கேட்டு வாங்கியிருக்க மாட்டேனா? கோவிச்சுக்காத. வீட்டுக்குப் போ" என்றாள். பெஞ்சில் இருந்தவர்களையும் கிளப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே நின்று பேசிக்கொண்டார்கள். "பொறாமை" என்ற வார்த்தை ஜன்னல் வழியாக வந்தது. அது முழுப் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சுருக்கென்றிருந்தது.

மறுநாள் சாமியார் வந்தார். அங்கிக்கு மேல் மழைக்கோட்டு. கழுத்து நைந்த அதே அங்கி. சாமியாராகி அதிக வருஷம் ஆகாதவர். முக்காலியில் உட்கார்ந்து, டெய்லருக்கு வணக்கம் சொல்லி, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"கேட்க வந்ததைக் கேளுங்க சாமி" என்றாள் டெய்லரம்மா. கையில் ஹெம்மிங் ஓடிக்கொண்டிருந்தது.

"பங்குப் பேரவையில பேசினாங்க. இந்த ஞாயித்துக்கிழமை இவரைப் பீடத்துக்குப் பக்கத்துல நிக்கவெச்சு, செபத்தை இவரே முன்னால சொல்லணும்னு ஆசைப்படறாங்க. பக்கத்துப் பங்குகள்ல இருந்தும் ஆட்கள் வர்றாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"அம்மாவைக் கேக்கறது இருக்கட்டும். ஐயாவை யாராவது கேட்டீங்களா?"

சாமியார் டெய்லர் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்கோங்க. நிக்கறீங்களா?" என்று கேட்டார். டெய்லர் தலையை இடமும் வலமும் அசைத்தார். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"சரி, முடிஞ்சுது" என்றாள் அவள். ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "ஒண்ணு கேக்கறேன் சாமி, தப்பா நினைக்கக் கூடாது. இது புதுமையா?"

சாமியார் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரியில சொன்னதை நானும் கேள்விப்பட்டேன். அது நிஜமாத்தான் இருக்கணும். ஆனா அன்னைக்குக் கோயில்ல அந்தக் குரல் வந்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதுவும் நிஜம். எனக்குத் தெரியலம்மா. அவர் விழுந்த அன்னைக்கு அவர் கை என் நெஞ்சுமேலதான் இருந்துச்சு. என்ன அளவுன்னு சொல்ல வந்தாரோன்னு தினமும் யோசிக்கிறேன்."

"எனக்குப் புதுமை வேண்டாம் சாமி. எனக்கு ஆள் வேணும். இவர் பேசி நான் சண்டை போடணும். நான் மட்டுமே பேசிக்கிட்டிருந்தா எனக்கே என் சத்தம் பிடிக்கல."

"இதை நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. கோவத்துல இருக்கேன்."

"கோவத்தோடயே கேக்கலாம்" என்றார் சாமியார். டீயைக் குடித்துவிட்டு, மழை வலுப்பதற்குள் கிளம்பிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பிதுங்கியது. தெரியாத முகங்கள் பாதி. வாசலில் பஸ் ஒன்று நின்றது. டெய்லர் பீடத்தருகே நிற்கப்போவதில்லை என்று தெரிந்ததும், கோயில் காரியங்களைப் பார்க்கிற பேரவையின் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இருவரும் தூணுக்குப் பக்கத்தில் அவர்களுடைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். டெய்லரின் உள்ளங்கை வேர்த்து, டெய்லரம்மாவின் மடியில் ஈரமாக இருந்தது.

மன்றாட்டு வந்தது. பாட்டு டீச்சர் காகிதத்திலிருந்து வாசித்தார். உலக அமைதிக்காக. ஆட்சி செய்கிறவர்களுக்காக. நோயாளிகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் டெய்லரின் குரல் கூட்டத்துக்கு மேலே எழுந்தது. ஒவ்வொரு முறையும் கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. காகிதம் முடிந்ததும், வாராவாரம் கேட்கிற மாதிரியே சாமியார் கேட்டார். "வேறு யாருக்காவது மன்றாட்டு இருந்தால் சொல்லலாம்." எங்கள் கோயிலில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

டெய்லரம்மா எழுந்து நின்றாள். முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோயில் மொழி அவளுக்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"ஆண்டவரே, இவர் உங்ககிட்ட நல்லா பேசறாரு. எல்லாரும் கேட்டாங்க. சந்தோஷம். ஆனா வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை இல்ல. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. உங்ககிட்ட பேசறதுல கொஞ்சம் எனக்கும் குடுங்க. நல்ல வார்த்தையாத்தான் இருக்கணும்னு இல்ல. திட்டினாலும் சரி. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றாள். பதில் சொல்ல வேண்டிய கூட்டம் வாயடைத்துப் போயிருந்தது. பேரவைத் தலைவர் தரையைப் பார்த்தார். பாட்டு டீச்சர் காகிதத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும், அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

டெய்லர் பெஞ்சின் மேல் இடது கையை ஊன்றினார். எழுந்தார். கால் ஆடியது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். யாரும் தொடங்கிக் கொடுக்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

இந்த முறை பெரிய குரல் இல்லை. மூன்று வரிசை தாண்டியவர்களுக்குக் கேட்டிருக்காது. "எங்கள்" என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்து, நின்று, மறுபடி எழுந்தது.

பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சாமியார் வாயைத் திறப்பதற்குள், பெண்கள் கூட்டத்திலிருந்து மருந்துக்கடைக்காரரின் மனைவி எழுந்துவிட்டாள். "என் பொண்ணு பேசணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இப்போது எல்லோரும் பதில் சொன்னோம். வாசலருகே நின்ற ஒருவர், "என் தம்பி வீட்டுக்குத் திரும்பி வரணும்" என்றார். அவருக்கு ஒரு தம்பி உண்டு என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கோயில்பிள்ளை, மணிக்கயிற்றுப் பக்கத்திலிருந்து, "எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்" என்றார். பஸ்ஸில் வந்த யாரோ ஒரு பெண் தன் மாமியாருக்காகக் கேட்டாள். பூசை மதியம் வரை நீண்டது. யாரும் எழுந்து போகவில்லை. வெளியே வந்தபோது டெய்லரைத் தொட்டுக் கும்பிட ஆள் இல்லை. அவரவர் அவரவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மழை விட்டது. பாத்திரங்கள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. டெய்லரம்மா கோபத்தை விட்டிருந்தாள். அவருக்கு வருகிற வார்த்தைகளை வைத்தே காரியம் நடத்தப் பழகிக்கொண்டாள். சாப்பாடு பிடித்தால் அவர் "இறைவனுக்கு நன்றி" என்பார். உப்பு அதிகமானால் "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்பார். முதல்முறை அதைக் கேட்டபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஆண்டவருக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்றீங்க. பாவம், அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள்.

வெட்டுவதும் கைவந்துகொண்டிருந்தது. ஒருநாள் முற்பகல், பள்ளி ஆசிரியருக்குச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். பெரிய கட்டம் போட்ட துணி. முன்பக்கங்கள் இரண்டையும் வெட்டிவிட்டாள். சட்டைப்பைக்கு ஒதுக்கிய துண்டை விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தத் துண்டில் முதல் வெட்டு விழப்போன நேரம்.

"இங்க பாரு!"

சாமான் விழுந்ததுபோல் இருந்தது. தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். நாற்காலியில் அவர் முன்னால் சாய்ந்து, இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். செபம் இல்லை, பூசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பேர் சொன்னதே கிடையாது.

"என்ன சொன்னீங்க?"

"இங்க பாரு" என்றார். குரல் தணிந்திருந்தது. தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. இன்னொருமுறை, மெதுவாக, சரிபார்க்கிறவர்போல, "இங்க பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க."

அதற்கு மேல் வரவில்லை. "இங்க... இங்க..." என்று மேசையைக் காட்டினார். அவள் பைத்துண்டையும் முன்பக்கத்தையும் கொண்டுபோய் அவர் மடியில் விரித்தாள். அவர் விரலால் பைத்துண்டின் கட்டத்தைத் தொட்டார், பிறகு முன்பக்கத்தின் கட்டத்தைத் தொட்டார். இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. அரை விரல் அளவு தள்ளிப் போயிருந்தது. அப்படியே வெட்டித் தைத்தால், பை சட்டையில் கோணலாக ஒட்டிய மாதிரி தெரியும்.

"ஆமா, சேரல" என்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "அதுக்கு இப்படியா கத்தறது? நெஞ்சே நின்னு போச்சு. கொஞ்சம் மெதுவா சொன்னா என்ன?"

"இங்க பாரு" என்றார் அவர், இந்த முறை நன்றாகவே எரிச்சலாக.

"பாக்கறேன், பாக்கறேன். அரை விரல்தானே? வாத்தியாருக்கு இது கண்ணுக்குத் தெரியவா போகுது?"

"இங்க பாரு!"

"சரி, மாத்தி வெட்டறேன். துணி பத்தலன்னா நீங்கதான் அவருக்குப் பதில் சொல்லணும், சொல்லிட்டேன்."

எதிர்த்த மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்டுப் பதறி ஓடிவந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிப்போனார். டெய்லரும் டெய்லரம்மாவும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கம் எவ்வளவோ வார்த்தைகள். அவர் பக்கம் இரண்டே இரண்டு. சாப்பாட்டு நேரம் வரை நடந்த அந்தச் சண்டையில் டெய்லர்தான் ஜெயித்தார் என்று மருந்துக்கடைக்காரர் எங்களிடம் சொன்னார்.